புதுப்பிப்பு: குன்னூர் வீட்டு ஈரமும் போர்ட்டபிள் ஏசியும்

ஐப்பசி மழையில பீரோ துணியெல்லாம் பூஞ்சை பிடிக்குது, கோயம்புத்தூர்ல இருந்து கொண்டு வந்த போர்ட்டபிள் ஏசியை டிரை மோடுல (காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்கிற மோடு) ஓட்டலாமான்னு கேட்டிருந்தேன். தாராளமா ஓட்டலாம்.

ஆனா சூடான காத்தை வெளியே தள்ளுற குழாயை ஜன்னல்ல மாட்ட வேண்டாம். மாட்டினா அறைக்காத்து வெளியே போகும், அந்த இடத்துக்குக் கதவிடுக்கு வழியா பனிமூட்டம் உள்ளே வரும். குழாய் இல்லேன்னா சூடு அறையிலேயே தங்கி, ஈரம் சட்டுனு குறையுது. அடியில இருக்கிற வடிகால் மூடியைக் கழட்டி, டியூபைச் சரிவா பக்கெட்டுல விட்டிருக்கேன்.

ராத்திரி குளிர் ஏறினா ஏசிக்குள்ள காத்தைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருள்ல (காயில்) வெள்ளையா ஐஸ் படியும், உடனே நிறுத்திடுங்க. பகல்ல ஓட்டுறதுதான் நல்லது. கடைசியில கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓடட்டும், இல்லேன்னா ஊசின வாடை வரும். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவணும்.

ஊட்டியிலயும் இப்படி ஓட்டலாமான்னு கேட்ட அண்ணா, உங்க குளிருக்கு இது சரிப்படாது. டெசிகன்ட் வகை (ஈரத்தை உறிஞ்சுற பொருள் வெச்ச) டிஹியூமிடிஃபையர், அதாவது ஈரம் எடுக்கிற மெஷின் பாருங்க.