நீல முக்கோணமும் 0.1 மில்லியும்: களைக்கொல்லிக்குக் கண்ணாடி வேண்டுமா, வேண்டாமா?

கடைமடைவாசி:
நம் பகுதி விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசியவர் இந்தத் தளத்தில் உரக்கடைக்காரர் என்ற பெயரில் எழுதுபவர்தான் என்பதால், ஆளைத் தேடி அலையாமல் இங்கேயே கேட்டுவிடுகிறேன். பாட்டிலில் நீல முக்கோணம் இருந்தால் அந்தக் களைக்கொல்லியால் கண்ணுக்கு ஆபத்து இல்லை என்றும், முயலின் கண்ணில் 0.1 மில்லி விட்டுச் சோதித்த பிறகே மருந்து விற்பனைக்கு வருகிறது என்றும், வயலில் அந்த அளவு யார் கண்ணிலும் தெறிக்காது என்பதால் கண்ணாடி வாங்குவது வீண் செலவு என்றும் அவர் திருவாய் மலர்ந்திருக்கிறார். குறுவை நடவு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இதைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் வெறுங்கண்ணோடு மருந்து கலக்கப் போகிறார்கள் என்பதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி முக்கோணத்தின் நிறம், சோதனை விலங்குகளில் பாதி இறப்பதற்கு எவ்வளவு மருந்து தேவை என்பதை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. வாய்வழியாக உடல் எடையில் கிலோவுக்கு 501 முதல் 5000 மில்லிகிராம் வரை என்றால் நீலம். அதில் கண் எங்கே வந்தது?

உரக்கடைக்காரர்:
என் குரலை ஊர் ஊராக அனுப்பிவைத்த கடைமடைவாசி ஐயாவுக்கு நன்றி. விளம்பரச் செலவு மிச்சம். முக்கோணத்தை ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அதை விடுங்கள். 0.1 மில்லி என்று நான் சொன்னது தவறா? மருத்துவர் எழுதித் தரும் கண் மருந்தில் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. ஆக, முயலின் கண்ணில் விடப்படுவது தண்ணீர் கலக்காத முழு மருந்தில் இரண்டு சொட்டு. அதை 24 மணி நேரம் கழுவாமல் வேறு விட்டுவைக்கிறார்கள். எந்த விவசாயியாவது கண்ணில் மருந்து பட்டதும் மறுநாள் காலைவரை கழுவாமல் உட்கார்ந்திருப்பாரா? இவ்வளவு கடுமையான சோதனையைத் தாண்டி வந்த மருந்தை டாங்கில் தண்ணீரோடு கலந்து தெளிக்கும்போது கண் போய்விடும் என்று பயமுறுத்துவது யாருக்கு லாபம் என்று கேட்கிறேன்.

குடந்தை வேதியியல்:
ஓய்வு பெற்ற பிறகும் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் எனக்குக் குறையவில்லை என்பதை உரக்கடைக்காரரின் பதிவு காட்டுகிறது. 0.1 மில்லி என்பது கண்ணில் படலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு அன்று. வெவ்வேறு வேதிப்பொருள்களை ஒரே அளவில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட அளவு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் தம் சக ஆய்வாளர்களோடு 1944இல் வெளியிட்ட முறை இது. அதற்கும் முன்கதை உண்டு: 1933இல் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தைப் பூசிக்கொண்ட பெண்கள் பார்வையை இழந்தார்கள்; 1938இல் அங்கே புதிய சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். டிரெய்ஸ் முறையில் ஒரு கண்ணில் மருந்து, மறு கண் ஒப்பீட்டுக்கு. 1, 24, 48, 72 மணி நேரங்களில் பார்த்து, கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிந்த கருவிழிப் படலத்துக்கு 80, அதன் பின்னுள்ள நிற வளையமான கதிராளிக்கு 10, இமையின் உட்புறத்தை மூடியிருக்கும் இணைப்படலத்துக்கு 20 என்று மொத்தம் 110 மதிப்பெண்ணுக்குப் போடுவார்கள். இங்கே மதிப்பெண் கூடினால் தேர்ச்சி அன்று, சேதம். உரக்கடைக்காரரோ மருந்து சோதனையைத் "தாண்டி" வந்தது என்கிறார். சோதனை நடந்தது என்பதும் எரிச்சல் இல்லை என்பதும் ஒன்றா? எரிக்கும் என்று தெரியவந்த பிறகும் லேபிளில் எச்சரிக்கையை அச்சிட்டு விற்கலாம். அந்த லேபிளில் கண்ணாடி அணியச் சொல்லியிருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் கடை அலமாரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மனிதக் கண்ணின் கீழ் இமைக்கும் விழிக்கும் நடுவிலுள்ள பையில் நிற்கக்கூடியது ஏறத்தாழ 0.03 மில்லிதான். இரண்டு சொட்டு விட்டாலும் நிற்பது அவ்வளவே. மிச்சம் கன்னத்தில் வழிந்துவிடும். ஆகவே 0.1 மில்லி தெறித்தால்தான் ஆபத்து என்பது கணக்கே தெரியாதவர் பேச்சு.

உரக்கடைக்காரர்:
நிற்பது 0.03 என்றால் ஊற்றுவது ஏன் 0.1? மிச்சம் வழிந்துவிடுகிறது என்று சாரே சொல்லிவிட்டார். சோதனையே மிகைப்படுத்தப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. 0.1 அதிகம் என்று விஞ்ஞானிகளே உணர்ந்துதான் 0.01 மில்லியை நேராகக் கருவிழிப் படலத்தின் மேல் விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். சாருக்கு அது தெரியாமல் இருக்காது; சொல்ல மனம் வரவில்லை போலும்.

குடந்தை வேதியியல்:
தெரியும். வீட்டில் புழங்கும் சோப்பு, சலவைப் பொருள்களைச் சோதிக்கத்தான் அதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். வேதிப்பொருள் சோதனைக்குப் பல நாடுகளுக்குப் பொதுவான வழிகாட்டிகளை வெளியிடும் ஓஇசிடி அமைப்பின் சோதனை வழிகாட்டிகளில் அது இடம்பெறவில்லை. இடம்பெற்றிருப்பது 1981இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட 405ஆம் வழிகாட்டி. அதில் இன்றும் 0.1 மில்லிதான். இணையத்தில் பாதிப் பக்கம் படித்துவிட்டு ஆசிரியரோடு மோதுவது உங்களுக்குப் புதிதன்று. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாத ஆண்டே இல்லை என்று இதே தளத்தில் அடித்துச் சொன்னவர் நீங்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

உரக்கடைக்காரர்:
மேட்டூரை எதற்கு இழுக்கிறீர்கள்? அங்கே நான் சொன்னது வழக்கத்தைப் பற்றி. 0.1 மில்லிக்குப் பதில் இல்லாதபோது அணையைத் திறந்துவிடுவது நல்ல உத்திதான்.

திருபுவனம் தறி:
இருவரும் மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பதால் சோடாவும் அமிலமும் அன்றாடம் புழங்குகின்றன. அதனால்தான் இந்த விவாத இழையைப் படிக்கத் தொடங்கினேன். 7 நாளில் ஆறிவிடும் எரிச்சல் ஒரு வகை, 21 நாளுக்குள் ஆறுவது இன்னொரு வகை, 21 நாளாகியும் ஆறாத கடும் சேதம் வேறு வகை என்று உலக அளவிலான வகைப்பாட்டில் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் இருவரும் இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? அதைச் சொல்லாமல் 0.1, 0.03, 0.01 என்று அடுக்கிக்கொண்டே போனால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன விளங்கும்?

உரக்கடைக்காரர்:
அம்மா, வகை எதுவானாலும் கண்ணில் விடுவது 0.1 மில்லிதான். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

குடந்தை வேதியியல்:
அம்மையார் சோடாவைக் குறிப்பிட்டதால் சொல்கிறேன். காரத்தன்மை மிக்க பொருள் செல்களின் கொழுப்புச் சவ்வைக் கரைத்துக்கொண்டு கருவிழிக்குள் ஆழமாக இறங்கும். அமிலம் பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள புரதத்தைத் திரையச் செய்வதால், அந்தத் திரைவே அதை ஓரளவு தடுத்துவிடும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுவதும் இதனால்தான். அந்தச் சுண்ணாம்பு டப்பாவில் எந்த முக்கோணமும் கிடையாது என்பதை உரக்கடைக்காரர் கவனிக்கவும். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 2 அல்லது அதற்குக் கீழும், 11.5 அல்லது அதற்கு மேலும் உள்ள பொருளைப் பொதுவாக முயலின் கண்ணில் விட்டுப் பார்க்கவே தேவையில்லை. கண்ணை அரிக்கும் என்றே கொள்ளலாம். அங்கே 0.1 மில்லியும் இல்லை, 0.01 மில்லியும் இல்லை.

வலங்கைமான் தெளிப்பாளர்:
கூலிக்கு மருந்து அடிக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் எல்லோரும் தெளிக்கும்போது கண்ணில் படுவதையே பேசுகிறீர்கள். எங்களுக்குப் படுவது அதற்கு முன்னால். பாட்டில் மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைக் கத்தி முனையால் குத்தினால், வெயிலில் கிடந்த பாட்டிலாக இருந்தால் மருந்து முகத்துக்கு நேரே பீறிடும். அது தண்ணீர் கலக்காத மருந்து. நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுகிறோம். அப்போதும் முகத்தில்தான் அடிக்கிறது. நடவு முடிந்த வயலில் களைக்கொல்லியைத் தெளிப்பதைவிட மணலில் பிசைந்து தூவுவதுதான் எங்கள் பக்கம் அதிகம். ஏக்கருக்கு 20 கிலோ மணல். வெறுங்கையால் பிசைந்து, அதே கையால் நெற்றி வியர்வையை வழித்துவிடுகிறோம். மணலோடு கண்ணில் விழுவது எத்தனை மில்லி என்று யார் அளந்தார்கள்?

உரக்கடைக்காரர்:
தம்பி, பிசையும்போது கையுறை போடாதது உங்கள் தவறு. அதற்குக் கடைக்காரன் என்ன செய்வான்? மணலில் கலந்துவிட்டால் மருந்து 20 கிலோவுக்கும் பரவிவிடுகிறது. கண்ணில் விழும் ஒரு மணலில் 0.1 மில்லி இருக்கவே முடியாது.

கடைமடைவாசி:
கண்ணாடி வீண் செலவு என்று ஊருக்கே சொல்லிவிட்டு, கையுறை போடாதது தெளிப்பவரின் தவறு என்கிறீர்கள். உங்கள் குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

குடந்தை வேதியியல்:
மணலைப் பற்றித் தம்பி கேட்டது நல்ல கேள்வி. திடப் பொருளைச் சோதிக்கும்போது 100 மில்லிகிராமுக்கு மேற்படாமல் தூளாக்கி விடுவார்கள். துகள் கண்ணில் தங்கியிருந்தால் 1 மணி நேரம் கழித்துக் கழுவலாம். வேதியெரிச்சலோடு உராய்வும் சேரும் என்பதால் திடப் பொருளை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் களைக்கொல்லியில் பிசைந்த காவிரி மணலை எந்த ஆய்வகத்திலும் முயலின் கண்ணில் போட்டதில்லை என்று துணிந்து சொல்வேன். பதிவுக்காகச் சோதிக்கப்படுவது பாட்டிலில் உள்ளது. நம் ஊர்க் கைக்கலவை அன்று.

முயல்பிரியன்:
2014இலேயே இந்தியாவில் விலங்குச் சோதனையைத் தடை செய்துவிட்டார்கள். இல்லாத சோதனைக்காகப் பெரியவர்கள் இப்படி அடித்துக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது.

குடந்தை வேதியியல்:
2014இல் தடை செய்யப்பட்டது அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதும், அப்படிச் சோதிக்கப்பட்டவற்றை இறக்குமதி செய்வதும்தான். பூச்சிக்கொல்லிக்கும் ஆலை வேதிப்பொருளுக்கும் அது பொருந்தாது. ஒரு செய்தியின் தலைப்பை மட்டும் படிப்பவர்கள் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம்.

முயல்பிரியன்:
மாற்று முறைகள் இருக்கும்போது முயல் எதற்கு என்பதே என் கேள்வி. இறைச்சிக் கூடத்தில் எடுத்த மாட்டுக் கண்ணின் கருவிழிப் படலத்தில் மருந்தை ஊற்றி, அது எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு கசியவிடுகிறது என்று அளக்கும் முறைக்கு 2009இல் ஓஇசிடி வழிகாட்டி வந்துவிட்டது. கோழிக் கண்ணுக்கும் அதே ஆண்டில் வந்தது. ஆய்வகத்தில் மனிதச் செல்களைக் கொண்டு வளர்த்த கருவிழித் திசுவுக்கு 2015இல் வந்தது. ஐயா இவற்றையெல்லாம் தலைப்போடு நிறுத்திக்கொண்டாரா?

உரக்கடைக்காரர்:
அந்த மாட்டுக் கண்ணில் எத்தனை மில்லி ஊற்றுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் தம்பி. நானே தேடிப் பார்த்துவிட்டேன். 0.75 மில்லி! முயலுக்கு 0.1, மாட்டுக்கு 0.75. நாளைக்கு யானைக் கண்ணுக்கு ஒரு படி ஊற்றுவார்களா? அளவுக்கு ஒரு நியாயமே இல்லை என்று நான் முதலிலிருந்து சொல்வது இதைத்தான்.

குடந்தை வேதியியல்:
தனியே எடுத்த படலத்தைக் கருவியில் பொருத்தி, அதன் மேற்பரப்பு முழுவதும் மூழ்கும்படி 0.75 மில்லி விட்டு, திரவமானால் 10 நிமிடத்தில் கழுவிவிடுகிறார்கள். அங்கே இமை இல்லை, கண்ணீர் இல்லை, வழிந்தோட வழியும் இல்லை. இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துச் சிரிப்பவர் எதை அளக்கிறோம் என்பதை மறந்துவிட்டார். முயல்பிரியனுக்கும் ஒன்று. நீங்கள் அடுக்கிய முறைகளில் எதுவும் தனியாக நின்று எல்லா வகைப் பொருளுக்கும் முயல் சோதனையை முழுதாக ஈடுசெய்துவிடவில்லை. சிலவற்றை இணைத்து முடிவெடுக்கும் அணுகுமுறைக்கு 2022இல்தான் வழிகாட்டி வந்தது. முயல் சோதனைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு மதிப்பெண் போட்டதை வீல், ஸ்காலா என்ற ஆய்வாளர்கள் 1971இலேயே எழுதிவிட்டார்கள். முயல் நம்மைப் போல் அடிக்கடி கண் சிமிட்டுவதில்லை. அதற்கு மூன்றாவது இமையும் உண்டு. கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தும் வலி நிவாரணியும் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது வழிகாட்டியில் சேர்ந்ததே 2012இல். இவ்வளவு குறைகள் இருந்தும் 0.1 மில்லியைப் பற்றி நான் சொன்னது சரிதான்.

திருபுவனம் தறி:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. 7 நாளா, 21 நாளா, அதற்கும் மேலா?

வலங்கைமான் தெளிப்பாளர்:
சார், மருந்து கண்ணில் பட்டால் வாய்க்கால் தண்ணீரில் கழுவலாமா என்பதையாவது யாராவது சொல்லுங்கள்.

குடந்தை வேதியியல்:
சுத்தமான தண்ணீர் இருந்தால் அதில். கிட்டத்தில் இல்லையென்றால் கிடைக்கும் தண்ணீரில் உடனே தொடங்க வேண்டும். கார மருந்து நிமிடக் கணக்கில் உள்ளே இறங்கிவிடும். இமையைப் பிரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். இதை உரக்கடைக்காரர் தம் குரல் பதிவில் சொல்லியிருக்கலாம். இரண்டு சொட்டுக் கணக்கில் மூழ்கியிருந்ததால் நேரம் இருந்திருக்காது.

உரக்கடைக்காரர்:
கழுவச் சொல்லி நானும் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. சார் பாடம் எடுக்கும் ஆர்வத்தில், கழுவினால் சேதம் குறையும் என்று என் வாதத்துக்கே வலுச் சேர்த்துவிட்டார். முயலுக்கு 24 மணி நேரம் கழுவுவதில்லை, நமக்குக் கழுவுகிறோம். 0.1 மில்லி, கழுவாமல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் சுண்ணாம்புக்கும் யானைக்கும் ஓடுகிறீர்கள்.

குடந்தை வேதியியல்:
யானையைக் கொண்டுவந்தது நீங்கள்.

கடைமடைவாசி:
நீல முக்கோணம் கண்ணுக்கு ஆபத்து இல்லை என்று காட்டுகிறது என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறீர்களா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

உரக்கடைக்காரர்:
0.1 மில்லி என்பது இரண்டு சொட்டு. இந்த இழையில் அதை மறுத்தவர் ஒருவரும் இல்லை. கடைக்கு லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. முக்கோணத்தைப் பற்றி இரவில் விரிவாக எழுதுகிறேன்.

குடந்தை வேதியியல்:
எழுதுங்கள். 0.03 எங்கே போனது என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.