டார்க் சைட், சார்ஜென்ட் பெப்பர், எக்ஸைல்: மூணுமே பிடிபடல. கேக்குற முறையில கோளாறா?

தர்மபுரி_நாலுரோடு:
ராக் கேக்குறவங்க தலையில தூக்கி வச்சு ஆடுற மூணு ஆல்பம் எனக்கு எட்டவே மாட்டேங்குது. பிங்க் ஃபிளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973): பாட்டு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. பீட்டில்ஸோட 'சார்ஜென்ட் பெப்பர்' (1967): சில பாட்டுல குரல் ஒரு காது, வாத்தியம் இன்னொரு காது. ரோலிங் ஸ்டோன்ஸோட 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' (1972): குரல் எங்கயோ அமுங்கிக் கிடக்கு. கேக்குறது கிருஷ்ணகிரி போற பஸ்ல, ப்ளூடூத் இயர்பட்ஸ்ல. வீட்டுல சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். இதே செட்டுல ராஜாவும் ரஹ்மானும் நல்லாத்தான் இருக்கு. எதை மாத்தணும்? இல்ல, விட்டுடலாமா?

ஓசூர்_பேஸ்:
முதல்ல பஸ்ஸை விடுங்க. இஞ்சின் உறுமல்ல பாதிக்கு மேல கீழ்ஸ்தாயி. பேஸ் கிடாரோட தடிச்ச தந்தி 41 ஹெர்ட்ஸ், அதுவும் அங்கதான் கிடக்கு, அமுங்கிடும். டார்க் சைட் இதயத்துடிப்புல ஆரம்பிச்சு அதுலயே அடங்குது. பஸ்ல ரெண்டும் காதுக்கே வராது. அதுக்காக வால்யூமைக் கூட்டினா 'டைம்' பாட்டுல கடிகாரமெல்லாம் ஒண்ணா அடிக்கும்போது காது கிழியும். சினிமாப் பாட்டுல மெல்லிசுக்கும் பலத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்காது, அதனால பஸ்லயும் தாங்குது.

ஆப்ல ஷஃபிள் ஆஃப், கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்ததைக் கலக்குறது) 0, கேப்லெஸ் (இடைவெளி விடாம ஓட்டுறது) ஆன். பாட்டுக்குப் பாட்டு ஒட்டிக்கிட்டே போற ஆல்பம் அது, நடுவுல அரை நொடி வெட்டு விழுந்தாலும் போச்சு. யாரோ ஏத்தி வச்ச 'முழு ஆல்பம்' வீடியோ வேண்டாம். காப்புரிமையில மாட்டாம இருக்க சுருதியை லேசா மாத்தி ஏத்துறவங்க உண்டு. சின்ன ஸ்பீக்கர்ல பலது இடம், வலம் ரெண்டையும் கலந்து ஒண்ணாத் தரும். 'ஆன் தி ரன்' முழுக்க சத்தம் இந்தக் காதுலேருந்து அந்தக் காதுக்கு ஓடுறதுதான், அதுல என்ன மிஞ்சும்? வயர் ஹெட்போன் போடுங்க, பேஸ் பூஸ்டை (கீழ்ஸ்தாயியைக் கூட்டுற அமைப்பு) எடுத்துடுங்க. 43 நிமிஷத்தையும் ஒரே மூச்சுல கேக்க வேண்டியதில்ல. எல்பி இசைத்தட்டுல முதல் பக்கம் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' வரைக்கும், சுமார் 19 நிமிஷம். அங்க நிறுத்துங்க.

பென்னாகரம்_மோனோ:
பெப்பர்ல நீங்க சொல்ற குறை நிஜம். பதிவானது நாலு டிராக் (நாலே தடம்) டேப்புல. அன்னிக்கு முக்கியமா இருந்தது மோனோ, அதாவது ரெண்டு காதுக்கும் ஒரே ஒலி. பீட்டில்ஸ் கூடவே இருந்து பார்த்துப் பார்த்துக் கலந்தது அதைத்தான். ஸ்டீரியோவை (இடம், வலம் தனித்தனி) அவங்க இல்லாம சில நாள்ல முடிச்சாங்க. ஹெட்போன்ல அந்தப் பிரிவினை இன்னும் துருத்தும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, 2009-ல வந்த மோனோ வெளியீடு. இன்னொண்ணு, 2017-ல ஜைல்ஸ் மார்ட்டின் புதுசாக் கலந்த ஸ்டீரியோ. குரல் நடுவுல உக்காரும். ரெண்டும் கிடைக்கலன்னா ஆண்ட்ராய்டுல அணுகல்தன்மை அமைப்புக்குள்ள 'மோனோ ஆடியோ'ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்க.

காவேரிப்பட்டணம்_லயம்:
கருவியெல்லாம் சரிங்க, நாம பல்லவி–சரணம் எதிர்பார்த்துக் கேக்குறதுதான் பெரிய தடை. அதே ஃபிளாய்டோட 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' (1975) முதல் பகுதியில குரல் வரவே எட்டரை நிமிஷத்துக்கு மேல ஆகும். ராஜாவோட இடையிசையை ரசிக்கிற காதுக்கு இது முடியாத காரியமில்ல, முழுசையும் இடையிசையா எடுத்துக்கிட்டா போதும்.

கையில தாளம் போட்டுக் கேளுங்க. டார்க் சைடுல வர்ற 'மனி' ஏழு எண்ணிக்கை, மிஸ்ர சாப்பு மாதிரி தகிட தகதிமி. சாக்ஸபோன் வரைக்கும் ஏழு; கிடார் சோலோ தொடங்கினதும் நாலுக்கு மாறும். அந்த இடம் பிடிபட்டா பாட்டோட உடம்பே விளங்கிடும். லெட் செப்பலின் 'காஷ்மீர்' இன்னும் சுவாரஸ்யம்: கிடார் மூணு மூணா, டிரம்ஸ் நாலு நாலா, பன்னிரண்டுல சந்திக்கும்.

தொப்பூர்_கணவாய்:
எக்ஸைலுக்கு எந்த செட்டிங்கும் உதவாது. குரலை கிடார், ஹார்ன் (ஊதுவாத்தியம்) கூட்டத்துக்குள்ள புதைச்சுக் கலந்ததே அப்படித்தான். 18 பாட்டு, 67 நிமிஷம், எல்பியில நாலு பக்கம். வரிசையா ஓட விட்டா அலுக்காம என்ன செய்யும்? ரெண்டாம் பக்கத்துல ஆரம்பிங்க: 6-லேருந்து 9 வரை, 'ஸ்வீட் வர்ஜீனியா' தொடங்கி 'லவிங் கப்' முடிய. கொஞ்சம் நிதானமான பாட்டுங்க. அப்புறம் ராபர்ட் ஜான்சனோட 'ஸ்டாப் பிரேக்கிங் டவுன்', ஸ்லிம் ஹார்ப்போவோட 'ஷேக் யுவர் ஹிப்ஸ்' மூலங்களைக் கேட்டுட்டு இவங்க பாடினதைக் கேளுங்க. அந்தப் பழைய ப்ளூஸே (அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகை) ஒட்டலன்னா எக்ஸைலும் ஒட்டாது, தாராளமா விடுங்க.

மேல சொன்னவங்களோட ஒரு இடத்துல ஒத்துப்போகல. பெப்பர்ல அன்னிக்குப் புதுசா இருந்த வேலையெல்லாம் பின்னாடி எல்லா ஸ்டுடியோவுலயும் சாதாரணமாயிடுச்சு. 'எ டே இன் தி லைஃப்'ல 40 பேர் ஆர்கெஸ்ட்ரா 24 பார் (தாளச் சுற்று) ஏறுறது இன்னிக்கும் நிக்குது. மத்த சில பாட்டை எந்தக் கலவையில கேட்டாலும் சுமார்தான். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

தர்மபுரி_நாலுரோடு:
நன்றிங்க. ஃபோன் சுவிட்சைப் போட்டா அந்த மோனோ கலவையே வந்துடுமா?

பென்னாகரம்_மோனோ:
வராது. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கூட்டும், அவ்வளவுதான். 'ஷீஸ் லீவிங் ஹோம்' அசல் மோனோவுல வேகமும் சுருதியும் கூட, அதெல்லாம் சுவிட்ச்ல கிடைக்காது. பெப்பர் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா டார்க் சைடும் மோனோவாத்தான் ஓடும்.