பிடி அரிசி வாங்காத கோயில்: உங்க சபையில எப்படி?

தேரிக்காட்டான்:
எங்க கோயில், அதான் சர்ச், பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாத்தான்குளம் பக்கம் எங்க சபை. காணிக்கை இனி கவரும் க்யூஆர் கோடும்தான், பிடி அரிசியும், காணிக்கையா வந்த பொருளை ஏலம் விடுறதும் நேரத்தை இழுக்குதுன்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்களாம். ஆச்சிகிட்ட யாரும் சொல்லல. காணிக்கைப் பாட்டுக்கு வழக்கம்போல மஞ்சப்பையோட முன்னால வந்தாவ. ஓலைப்பெட்டி இருந்த இடத்துல க்யூஆர் அட்டை. வாலிபர் சங்கத்துத் தம்பி மரியாதையாத்தான் சொன்னான், "ஆச்சி, இனி அரிசி வாங்க மாட்டாவளாம்." பைவாய்க் கட்டை அவுத்துக்கிட்டு இருந்த விரல் அப்படியே நின்னுட்டு. "அப்போ நான் எதைலே குடுக்க?"ன்னு கேட்டாவ.

க்யூஆர் வேண்டாம்னு சொல்லல. சென்னையில இருக்க என் தம்பி அதுலதான் அனுப்புறான். ஆனா பென்ஷனை மகன் கையில குடுத்துடுற ஆச்சிக்கு, தன் கையால குடுக்க இருக்கது உலையில போடுமுன்ன எடுத்து வைக்கிற அந்தப் பிடி அரிசி ஒண்ணுதான்.

பாளை மகள்:
அண்ணன், கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா போனு வந்து சபை கெட்டுப்போச்சுன்னு இங்க பலபேர் பேசுறீங்க, அதுக்குத்தான் எழுதுறேன். 2020 ஊரடங்குல கோயில் பூட்டிக் கிடந்தப்ப எங்க போதகர் ஐயரவாள் ஆராதனையை யூடியூப்ல போட்டாங்க. பக்கவாதத்துல படுத்திருந்த எங்கப்பா வெள்ளை வேட்டி கட்டிவிடச் சொல்லுவாங்க. எல்லாரும் எழுந்து நின்னு சொல்லுற விசுவாசப் பிரமாணம் தொடங்கினதும் "தூக்கு, தூக்கு"ன்னு கையை நீட்டுவாங்க. நானும் அம்மாவும் ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, நின்னுதான் சொல்லுவாங்க. அது ஆராதனை இல்லன்னு யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.

நாசரேத் வாசி:
உங்கப்பா நிக்க முடியாமலே நின்னாங்கம்மா. எங்க தெருவுல நல்லா நடமாடுறவங்க காப்பி குடிச்சுக்கிட்டே பாக்காங்க. போனுல திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்க முடியுமா? அப்படி வீட்டோட இருந்த குடும்பத்துல ஒரு துக்கம். கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டி தூக்க ஆள் பத்தல, குழி வெட்ட வந்தவங்க கை குடுத்தாங்க. எனக்கு அதுதான் இன்னும் மனசுல கிடக்கு.

முன்னாள் பொருளாளர்:
எங்க சபையிலயும் அரிசியை நிறுத்தப் பார்த்தாங்க. ஒரு அம்மா பொதுக்கூட்டத்துல எழுந்து அழுதாங்க, நிறுத்தல. அவ்வளவுதான் என் கதை.

கமிட்டியில இருக்கவங்களுக்கு: மாற்றம்னாலே பயப்படாதீங்க. 1947 செப்டம்பர் 27ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபெல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆச்சு, விசுவாசப் பிரமாணம் மாறல. 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினப்ப வெள்ளைக்காரன் பணத்தை நம்பல, நம்ம ஜனங்க காணிக்கையை வச்சுத்தான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினாங்க. தொடங்கினவங்கள்ல ஒருத்தர் வெள்ளாளன்விளை அசரியா, 1912ல பேராயர் ஆனவர். ஏழைகிட்ட இருந்து குடுக்குற உரிமையைப் பறிச்சிராதீங்க. நேரம் பத்தலன்னா ஏலத்தை ஆசீர்வாதம் முடிஞ்சு வெளியில வைங்க. அரிசியை ரகம் பிரிச்சுப் போடுங்க, கலந்தா விலை போகாது. அன்னைக்கே எடை போட்டு வரவு எழுதுங்க, சபையோட அசன விருந்துக்கு எடுத்தா அதையும் எழுதுங்க. நேரலை போடுங்க, ஆனா படுக்கையில இருக்கவங்க பட்டியலை ஐயரவாளுக்கு உதவியா இருக்க உபதேசியார் வச்சிருக்கணும், ஐயரவாள் திருவிருந்தை அந்த வீடுகளுக்கு எடுத்துட்டுப் போகணும். எதையும் பெண்கள் ஐக்கிய சங்கத்துல முதல்ல பேசுங்க. வாட்ஸ்அப்ல போட்டதோட விட்டுறாம ஆராதனையில வாசிங்க.

தேரிக்காட்டான்:
அண்ணாச்சி, ரகம் கலக்குதுங்கிறது எங்க கமிட்டி சொன்ன இன்னொரு காரணம். ஆண்டவருக்கு எடுத்ததைச் சமைக்க மாட்டேன்னு ஆச்சி அந்த அரிசியைத் தனியா வச்சிருக்காவ. சனிக்கிழமை கமிட்டி கூடுது, எங்க அண்ணன் உறுப்பினர், பேசச் சொல்லியிருக்கேன். உங்க வரவுப் புத்தகத்துல அரிசியை எந்தத் தலைப்புல எழுதுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க.