வெந்நீரில் போட்ட தாத்தா பேனா: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

காட்பாடி நீலம்

எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் செய்த பேனா வைத்திருப்பவர்களுக்கு, வெந்நீர் பட்டால் அது மாறுகிற நிறம் தெரிந்திருக்கும். எனக்கு அன்று வரை தெரியாது.

அம்மாவின் அப்பா குடியாத்தம் பக்கம் கணக்குப்பிள்ளை. 1980-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அதோடு பேனாவும் பீரோவுக்குள் போனது. போன போகிக்கு வீடு ஒழிக்கும்போது கிடைத்தது. நல்ல கறுப்பு, ஃபில்லரால் மை ஊற்றுகிற பழைய வகை. கழுத்துத் திருகு இறுகிப்போய் அசையவே இல்லை. நிப்பில் மை கல்லாக உறைந்திருந்தது. சரி, ஊறட்டும் என்று எவர்சில்வர் டம்ளரில் கீசர் தண்ணீர் பிடித்து, நிப் கீழே இருக்கும்படி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். பத்து நிமிடம்தான்.

முதலில் வந்தது வாசனை. பஞ்சர் கடையில் ட்யூபைச் சூடு பண்ணும்போது வருமே, அதே வாசனை. ஓடிப்போய் எடுத்தால், தண்ணீர் நின்ற மட்டம் வரை பேனாவின் உடல் காய்ந்த சாணி நிறத்தில் இருந்தது. அதற்கு மேலே பழைய கறுப்பு. நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. அம்மா வாங்கி முந்தானையால் துடைத்தார். போய்விடும் என்று நினைத்து மறுபடியும் அழுத்தித் துடைத்தார். அந்த இரண்டாவது துடைப்புதான் எனக்கு இன்னும் தூக்கத்தில் வருகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. தண்ணீருக்குள் அதிகம் முங்கியது கழுத்துப் பகுதி. அது கறுப்பாகவே இருக்கிறது. உடல் மட்டும் ஏன் மாறியது? இதைத் திரும்பக் கறுப்பாக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வாலாஜா டீச்சர்

தம்பி, எபோனைட் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பேனா என்றாலே எனக்கு ஒரு மார்ச் மாதம்தான் ஞாபகம் வரும். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வு, ஹாலில் ஃபேன் ஓடவில்லை. முன் பெஞ்சுப் பெண் வரைபடத்தில் காவிரியைக் குறிக்கப் போகிறாள், பேனா கக்கிவிட்டது. தஞ்சாவூர் இருக்கிற இடத்தில் நாலணா அகலத்துக்கு மை. அவள் சத்தம் போடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கரும்பலகைக்கு ஓடி ஒரு சாக்பீஸை எடுத்து வந்து ஒற்றினேன். சாக்பீஸ் நுனியிலிருந்து நீலம் மேலே ஏறியதை அவளும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம். உதவி செய்யக்கூடாத இடம் என்று தெரிந்தும் செய்தேன்.

வேலூர் வெயிலில் ஃபில்லர் பேனாவைப் பாதி மையோடு வைத்துக்கொள்ளவே கூடாது. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்றுதான் அதிகம். கைச்சூடு பட்டதும் அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியாகத் தள்ளும். முழுதாக நிரப்பி வைத்தால் கக்காது.

பேரணாம்பட்டுக்காரன்

உங்கள் தாத்தா எந்த மை போட்டார் என்று முதலில் பாருங்கள். சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கப்பாவுக்கு டேனரியில் வேலை. ஏழாவது படிக்கும்போது சாப்பாடு கொண்டுபோவேன். ஒருநாள் கடுக்காய்த் தொட்டியிலிருந்து எடுத்துப் பரப்பிய ஈரத்தோல் மேல் சைக்கிள் சாவியை வைத்துவிட்டேன். சாப்பிட்டு முடித்து எடுத்தால் சாவி அப்படியே அச்சாக விழுந்திருந்தது, பல் முதற்கொண்டு கருநீலத்தில். தேய்த்தார்கள், போகவில்லை. அந்தத் தோலுக்கு அப்பா கூலியில் பிடித்தார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறுப்பு அது. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சிய மையும் இதே சங்கதிதான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. பல வருஷம் கழித்து அந்த வகைப் ப்ளூ பிளாக் மையால் எழுதினேன். வெளிர் நீலமாக விழுந்த எழுத்து கண்ணெதிரே கறுத்தது. எனக்குச் சாவிதான் தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பத்திரம், பதிவேடு எழுதுகிறவர்கள் விரும்பிய மை. தண்ணீர் பட்டாலும் அழியாது. ஆனால் அமிலத்தன்மை உண்டு, பேனாவுக்குள்ளேயே காயவிட்டால் இரும்பு நிப்பை அரிக்கும். நிப்பைக் கழற்றினால் அடியில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சத்துவாச்சாரி எஸ்

டீச்சர் சொன்னது பாதி. முழுதாக நிரப்பினாலும் திருகில் சிலிக்கான் கிரீஸ் தடவாவிட்டால் கழுத்து வழியாகக் கசியும். ஒரு சொட்டு போதும், சைக்கிள் கிரீஸ் வேண்டாம்.

என் கதை சின்னது. பாலிடெக்னிக் படிக்கும்போது டிராயிங்குக்கு வாங்கிய இந்தியன் இங்க்கை ஹீரோ பேனாவில் ஊற்றினேன். மறுநாள் காலையில் பேனா செத்துப்போயிருந்தது. அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். டிராயிங் மையில் கரித்தூளும் அரக்கும் இருக்கும், நிப்புக்கு அடியில் இருக்கிற நாக்கின் நுண்ணிய பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேனாவுக்கென்று விற்கிற மை மட்டும் போடுங்கள். பிரில் கம்பெனி மை போதும், விலையும் கையைக் கடிக்காது. அடுத்தது தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துப்போகிறது, அதே உப்பு நாக்கின் பள்ளத்திலும் படியும். ஆர்.ஓ. தண்ணீரில் கழுவுங்கள், அல்லது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர். மை நிறம் மாற்றும்போதெல்லாம் கழுவ வேண்டும். மாற்றாவிட்டாலும் மாதம் ஒருமுறை. கழுவியபின் உதறக்கூடாது, டிஷ்யூ மேல் நிப் கீழே இருக்கும்படி நிறுத்தி ராத்திரி முழுக்க விடுங்கள். மூடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள், அங்கே காய்ந்த மைதான் கழுத்தில் ஒட்டி விரலுக்கு வருகிறது.

காட்பாடி நண்பருக்கு. வெந்நீரே ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம். எபோனைட் நாக்கை நிப்போடு ஒட்டி உட்காரவைக்க நானே கொதிநீரில்தான் முக்கி அழுத்துகிறேன். ஆனால் பழைய உடலுக்கு ஆகாது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டு மேல்தோல் ஏற்கெனவே கெட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெந்நீர் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். கழுத்து மூடிக்குள்ளேயே இருந்தது, வெளிச்சம் படவில்லை. அதனால் கறுப்பாகவே இருக்கிறது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தால் கெட்ட தோல் போய்க் கறுப்பு திரும்பும்.

லாங் பஜார் பழசு

தேய்ப்பதற்கு முன்னால் யோசியுங்கள். மேலே எழுத்து ஏதாவது வெட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

லாங் பஜாரில் முன்பு பேனா ரிப்பேர் செய்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நிப்பைச் சரிசெய்ததும் தாளில் எழுதிப் பார்க்க மாட்டார். இடது கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சுழி போடுவார். கீறினால் திரும்பப் பட்டறைக்கு, வழுக்கினால் உங்கள் கைக்கு. சாயங்காலத்தில் அந்த நகம் முழுக்க நீலமாக இருக்கும். நான் கடைசியாகப் போனபோது அவர் கை நடுங்கியது, நகத்தில் போட்ட சுழி கோணலாக வந்தது. "நிப்பு சரியாத்தான் இருக்கு, என் கைதான்" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்திக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் வந்துவிட்டேன்.

காட்பாடி நீலம்

எல்லோருக்கும் நன்றி. சத்துவாச்சாரி அண்ணா சொன்ன கழுத்து விஷயம் இப்போதுதான் விளங்குகிறது. தாத்தா இந்தப் பேனாவோடு வெயிலில் நிலம் அளக்கப் போவார் என்று அம்மா சொல்வார். அந்த வெயில்தான்.

வாட்டர் பேப்பர் வாங்கியும் விட்டேன். லாங் பஜார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நிறம் மாறிய பகுதியில் தாத்தாவின் இனிஷியலும் பெயரும் ஊசி முனையால் வெட்டியது போல இருக்கிறது. கறுப்பாக இருந்தபோது தெரியவில்லை, இப்போது பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து துலங்குகிறது. அம்மாவிடம் காட்டினேன். விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, தேய்க்காதே என்றார்.

ஊறியதில் கழுத்துத் திருகு இளகியிருந்தது, நிப்பைக் கழற்றினேன். பேரணாம்பட்டு அண்ணா சொன்னது போலவே அடியில் இரண்டு குழி, ஆனால் முனை நன்றாக இருக்கிறது. நேற்று பிரில் ராயல் ப்ளூ ஊற்றினேன், விளிம்பு வரை. அம்மா காலண்டர் பின்பக்கத்தில் இந்த மாதப் பால் கணக்கை எழுதினார். இருபத்தேழாம் தேதிக்கு அப்புறம் மை கொஞ்சம் தடித்து வருகிறது. நாக்கு சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. கொதிநீரில் நாக்கை மட்டும் எத்தனை விநாடி வைக்கலாம் என்று அண்ணா சொன்னால் நல்லது.