ஸ்கிரீன்காஸ்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். கணினித் திரையில் ஒரு வேலையைச் செய்துகாட்டி, அதை விளக்கத்தோடு பதிந்த காணொளிதான் ஸ்கிரீன்காஸ்ட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘திரைப்பரப்பு’ என்று வைத்துக்கொண்டால் ஒலிபரப்பு, ஒளிபரப்பு வரிசையில் அழகாகப் பொருந்தும்.

வரிசையில் பொருந்துகிறது, உண்மைதான். வேலைக்குத்தான் பொருந்தவில்லை. திரையைப் பதிவு செய்யும் மென்பொருள்கள் பலவும் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி, முழுத் திரையா, ஒரு பகுதி மட்டுமா என்பது. அந்த இடத்தில் ‘பதிவாக வேண்டிய திரைப்பரப்பைத் தேர்ந்தெடுக்கவும்’ என்றுதான் எழுதுவோம். பரப்பளவைக் குறிக்க அந்தச் சொல் நமக்கு வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே திண்டாடுவோம்.

தவிர, ஆங்கிலத்தில் அந்த ‘காஸ்ட்’ ஒட்டிக்கொண்டது 2004-இல் வீசிய காற்றினால். பாட்காஸ்ட் என்ற பெயர் அந்த ஆண்டுதான் பரவத் தொடங்கியது. அதே ஆண்டில் ஜான் உடெல் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் இந்த வகைக் காணொளிக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்று தன் வாசகர்களிடம் கேட்டார். அவர்கள் அனுப்பியவற்றிலிருந்து தேறியதுதான் ஸ்கிரீன்காஸ்ட். நாம் இப்போது செய்வதையேதான் அவர்களும் செய்தார்கள். பொருளோ அதற்கு முன்பே இருந்தது. லோட்டஸ் நிறுவனத்தின் ஸ்கிரீன்கேம் தொண்ணூறுகளிலேயே திரையையும் குரலையும் சேர்த்துப் பதிந்தது. ஆகவே ‘காஸ்ட்’ என்பதற்கு ஈடு தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அலுவலகப் பயிற்சிக் காணொளியை யாரும் எங்கும் பரப்புவதுமில்லை. அது ஒரு கோப்புறையில் கிடக்கும், புதிதாக வேலைக்கு வந்தவர் திறந்து பார்ப்பார். அவ்வளவுதான்.

அடுத்து ‘திரைப்பதிவு’. இதை நான் எதிர்க்கவில்லை. திரையில் நடப்பதைப் பதிவு செய்யும் செயலுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் நமக்குத் தேவைப்படுவது அந்தச் செயலின் பெயர் அல்ல.

எங்கள் கணக்குப் பிரிவின் கோப்புறையில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, இணையவழிக் கூட்டம் ஒன்றின் தானியங்கிப் பதிவு. நடுவில் ஒருவர் தன் திரையைப் பகிர்ந்து, சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்வழிச் சீட்டான இ-வே பில் போடுவதைக் காட்டுகிறார். யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கிறது. மேலாளர் குறுக்கிட்டு விடுப்புக் கணக்கு கேட்கிறார். மற்றொன்று, அதே வேலையைக் கற்றுத்தருவதற்கென்றே எடுத்தது. முதல் பகுதியில் விலைப்பட்டியல் எண்ணும் சரக்கின் மதிப்பும் நிரப்பப்படுகின்றன. இரண்டாம் பகுதியில் வண்டி எண் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் அம்புக்குறி நின்றுவிடுகிறது. அதைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். ‘வழியில் லாரி மாறினால் புது பில் போட வேண்டாம், இந்தப் பகுதியை மட்டும் திருத்தினால் போதும்’ என்று குரல் சொல்கிறது. பிறகுதான் தட்டச்சு தொடங்குகிறது.

இரண்டும் திரைப்பதிவுதான். இரண்டாவதற்கு மட்டும் ஒரு பெயர் வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு நான் முன்வைப்பது: திரைவிளக்கம்.

மும்பை ஐஐடியின் ஸ்போகன் டுடோரியல்களைத் தமிழில் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். லிப்ரெஆபிஸ், லினக்ஸ் என்று பத்து நிமிட அளவில் பல பாடங்கள். திரையில் ஓடுவது ஆங்கில இடைமுகம். பேசுவது தமிழ்க் குரல். அதே காட்சிக்கு மலையாளக் குரலும் உண்டு, மராத்திக் குரலும் உண்டு. திரைப்பதிவு ஒன்று, விளக்கம் மொழிக்கொன்று. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், இப்படி ஒரு பணியைப் பற்றித் தமிழில் நான்கு வரி எழுதுவதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

> வாயில் வருவது ஸ்கிரீன்காஸ்ட்தானே, அப்படியே விட்டால் என்ன?

வாயில் அதுவும் வருவதில்லை, ஐயா. ‘அந்த வீடியோவை அனுப்புங்கள்’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். கையேடு எழுதும்போதுதான் இடிக்கிறது. பட்டியலில் வைத்துப் பார்த்தால் எல்லாச் சொல்லும் நன்றாகத்தான் இருக்கும் என்பதால், கையேட்டில் வரப்போகும் ஒரு பத்தியையே கீழே தருகிறேன். படித்துவிட்டு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

‘திரைவிளக்கம் எடுப்பதற்கு முன் கணினியில் வரும் அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், கடவுச்சொல் எதுவும் திரையில் தெரியக் கூடாது; மாதிரித் தரவை வைத்தே செய்துகாட்டுங்கள். பார்ப்பவர்களில் பலர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். எனவே எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, 1280×720 அளவில் பதியுங்கள். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்துவோர் எம்.கே.வி. வடிவில் சேமிப்பது நல்லது. நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும், சாதாரண எம்.பி.4 வடிவில் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். முடிந்த திரைவிளக்கத்தை வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்து மங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.’

எனக்கு இடறவில்லை. திரைவிளக்கக் கோப்பு, திரைவிளக்கத் தொடர் என்று புணர்ச்சியும் இயல்பாக வருகிறது. (காணொளியா காணொலியா என்ற வழக்கை இந்த இழையில் யாரும் தொடங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.)

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். ‘திரை’ என்றதும் தமிழனுக்கு சினிமா நினைவு வரும். திரைவிமர்சனம் போல இதையும் எடுத்துக்கொள்வார்களே என்று கேட்கலாம். தொடுதிரை, முகப்புத்திரை, திரைப்பகிர்வு எல்லாம் வழக்குக்கு வந்துவிட்டன. திரைப்பகிர்வு என்றதும் யாரும் படப்பெட்டியைத் தேடவில்லை.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து

\* \* \*

ஐயா, வணக்கம்.

வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் தாங்கள் தனியார் நிறுவனத்தில் இருப்பதால் ஒன்றைக் கவனிக்கவில்லை. அரசு அலுவலகத்தில் ‘விளக்கம்’ என்ற சொல் நல்ல நாளில் வருவதில்லை. விளக்கம் கோரி முதலில் ஒரு குறிப்பாணை வரும். முற்றினால் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ), இன்னும் முற்றினால் 17(ஆ). ‘பிரிவு உதவியாளர்கள் அனைவரும் வெள்ளிக்கிழமைக்குள் திரைவிளக்கம் அளிக்க வேண்டும்’ என்று ஒரு சுற்றறிக்கை போனால், பாதிப் பேர் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் மீதியைப் படிப்பார்கள்.

‘திரைச்செய்முறை’ என்று வைக்கலாமே? செய்முறைத் தேர்வு எழுதாதவர் யார்? சொல் எல்லோருக்கும் பழக்கம்.

விருதுநகரிலிருந்து

\* \* \*

வணக்கம். சிறு குறிப்பு மட்டும். இலங்கையில் நாங்கள் ‘செயன்முறை’ என்றே எழுதுகிறோம், பாடநூலிலும் அப்படித்தான். ‘திரைச்செய்முறை’ என்று நீங்கள் முடிவு செய்தால் இங்கே ‘திரைச்செயன்முறை’ ஆகிவிடும். ஒரு பொருளுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் கிடைக்கும், தேடுபொறிக்குத்தான் திண்டாட்டம். ‘விளக்கம்’ இரு கரையிலும் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து

\* \* \*

நண்பர்களுக்கு,

விருதுநகர் நண்பரின் மடலைப் படித்து அலுவலகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அவருடைய எடுத்துக்காட்டிலேயே விடை இருக்கிறது. குறிப்பாணை வாடை வருவது ‘விளக்கம்’ என்பதால் அல்ல, ‘அளி’ என்ற வினையால். ‘திரைவிளக்கம் எடு’, ‘திரைவிளக்கம் பதி’ என்று வினையை நிலைப்படுத்திவிட்டால் அந்த அச்சம் பெரும்பாலும் போய்விடும். வேளாண்மைத் துறை எத்தனையோ ஆண்டுகளாகச் செயல்விளக்கம் நடத்துகிறது, செயல்விளக்கத் திடல் அமைக்கிறது. அதைக் கேட்டு எந்த விவசாயியும் பதில் மனு எழுதவில்லை.

‘செய்முறை’யில் எனக்கு வேறு தயக்கம். செய்முறை என்பது படிகளின் வரிசை. அதைத் தாளில் அச்சடித்தும் கொடுக்கலாம். ஒருவர் பேசிக்கொண்டே செய்துகாட்டுகிறார் என்பது அதில் வரவில்லை. மேலும், உங்கள் பக்கத்தில் செய்முறை என்றால் கல்யாண வீட்டில் நோட்டைத் திறந்து வைத்து எழுதுவது அல்லவா? திரைச்செய்முறை என்றதும் கைபேசியில் மொய் அனுப்பும் வசதி வந்துவிட்டது என்று நினைக்கப்போகிறார்கள்.

ஆகவே இப்போதைக்கு:

திரைப்பதிவு – திரையைப் பதியும் செயலும், அப்படிக் கிடைக்கும் எந்தக் கோப்பும்.
திரைவிளக்கம் – கற்றுத்தருவதற்காகக் குரலோ குறிப்போ சேர்த்து எடுத்த திரைப்பதிவு. வினை: எடு, பதி.

குரலே இல்லாமல், எழுத்துக் குறிப்புகள் மட்டும் மிதக்கும் பதிவுகளும் இருக்கின்றன. அவற்றையும் இரண்டாவதில்தான் சேர்த்திருக்கிறேன், உடன்படாதவர்கள் சொல்லுங்கள். மறுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். திங்களன்று இரண்டையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுகிறேன். ‘திரைச்செய்முறை’யை மாற்றுச் சொல்லாகக் குறித்துவிடலாம். இன்னும் ‘மஞ்சள் வட்ட’த்துக்குப் பெயர் வைக்கவில்லை. அதற்குத் தனி இழை.

திருப்பூரிலிருந்து