இரைப்பை எடுத்த அப்பாவுக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். கீமோ முடிந்து, போன மாதம் இரைப்பையை முழுவதுமாக எடுத்து, உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்க பி12 ஊசி, ஒரு நாளைக்கு ஆறேழு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி, அதெல்லாம் செய்கிறோம்.

ஆனால் சர்க்கரை போட்ட கஞ்சி அரை டம்ளர் குடித்தாலே வியர்த்து, படபடவென்று வந்து படுத்துவிடுகிறார். உணவு சட்டென்று குடலுக்குள் இறங்குவதால் வரும் 'டம்பிங்' என்றார்கள். இனிப்பை நிறுத்திவிட்டோம். தண்ணீரும் சாப்பாட்டோடு கொடுக்காமல், அரை மணி நேரம் கழித்துத்தான். இப்போது கொஞ்சம் தேவலை. எடைதான் இறங்கிக்கொண்டே போகிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால் சொல்லுங்கள்: முட்டை, மீன், பருப்பு இவற்றில் எது ஒத்துக்கொண்டது? எடை எப்போது நின்றது? அப்புறம், இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய எச்.பைலோரி கிருமிக்குப் பிள்ளைகள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?