செருப்பு கழண்டு விழுந்ததே அப்பாவுக்குத் தெரியல

போன வருஷம் எங்க வீட்ல நடந்தது, வயசானவங்க இருக்கற வீட்ல தயவுசெஞ்சு படிங்க. அப்பாவுக்கு 72 வயசு, ஸ்டென்ட் வச்சதுல இருந்து ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுறாரு. பாத்ரூம்ல வழுக்கி கதவு நிலையில தலை லேசா இடிச்சுது, ரத்தம் வரல, வீக்கமும் இல்ல, தைலம் தேச்சு விட்டோம், அதோட மறந்தே போச்சு.

மூணு வாரம் கழிச்சு தலைவலின்னாரு, பகல்லயே தூங்கி வழிஞ்சாரு, கேட்டதையே திரும்பக் கேட்டாரு. பக்கத்து கிளினிக்ல வயசாயிடுச்சுல்லன்னு சத்து மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க. 2024ல சத்குருவுக்கு டெல்லியில மூளை ஆபரேஷன் நடந்தப்போ நாலு வாரமா தலைவலியோட இருந்தாருன்னு செய்தியில வந்துச்சே, அதப் படிச்சும் எங்களுக்கு உறைக்கல. ஒரு நாள் டீக்கடைக்குப் போயிட்டு வந்தவரு இடது கால்ல செருப்பே இல்ல, பாதம் பூரா மண்ணு, செருப்பு எங்கப்பான்னு கேட்டதுக்கு அப்புறம்தான் குனிஞ்சு பாக்குறாரு.

எதிர் வீட்டு அக்கா நர்ஸ், அவங்கதான் "ரெண்டு மாசத்துல எங்கயாவது விழுந்தாரா"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல. அத நெனச்சா இன்னும் மனசு ஆறல.

சிடி ஸ்கேன்ல வலது பக்கம் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல பிறை மாதிரி ரத்தம், மூளையோட நடுக்கோடு 11 மில்லிமீட்டர் தள்ளியிருந்துச்சு. வலது மூளைதான் உடம்போட இடது பக்கத்தப் பாத்துக்கும், அதான் இடது கால் மரத்திருக்கு. வயசாக ஆக மூளை சுருங்கும், அதுக்கு மேல போற சின்ன ரத்தக்குழாய்லாம் இழுபட்டு நிக்கும், லேசா இடிச்சாலே கிழிஞ்சு கசியும்னாரு நியூரோ சர்ஜன். புது ரத்தம் சிடியில வெள்ளையா தெரியும், நாளாக ஆக மங்கி ரெண்டு மூணு வாரத்துல மூளை நிறத்துக்கே வந்துரும், அவசரத்துல பாத்தா தெரியாமப் போயிடும், அதனாலதான் நடுக்கோடு தள்ளியிருக்கான்னும் பாக்கணுமாம். ரெண்டு ஓட்டை போட்டு எடுத்தாங்க, பழைய என்ஜின் ஆயில் மாதிரி வந்துச்சாம். மறுநாள் இடது கையிலயே டம்ளர் பிடிச்சாரு.

---

அக்கா, உங்க பதிவைப் படிச்சேன், எங்க மச்சானுக்கு இந்த மண்டைக்குள்ள ரத்தக்கசிவு வேற மாதிரி வந்துச்சு. ஹெல்மெட் இல்லாம பைக்ல விழுந்து கொஞ்ச நேரம் மயக்கம், அப்புறம் எந்திரிச்சு நல்லா பேசினாரு, டீ குடிச்சாரு, வீட்டுக்குப் போலாம்னாரு. மூணு மணி நேரத்துல வாந்தி, எழுப்புனா முழிக்கல, ஒரு கண்ணு பாப்பா மட்டும் பெருசாயிடுச்சு. காதுக்கு மேல எலும்பு விரிசல், உள்ள தமனி கிழிஞ்சு சிடியில லென்ஸ் மாதிரி ரத்தம். அன்னிக்கு ராத்திரியே மண்டை ஓட்டைத் திறந்து எடுத்தாங்க. நடுவுல நல்லா பேசுனத நம்பி வீட்ல படுக்க வச்சிருந்தோம்னா எங்க அக்கா கதி என்னன்னு இப்பவும் கை நடுங்குது.